போய்வருவோர்

பிப்ரவரி 6

கோட்டுக்கு அந்தப் பக்கத்தை ஒற்றை ஆளாக ஆண்டுகொண்டிருக்கும் மகாராணிக்கு, கோட்டுக்கு இந்தப் பக்கம் சமையலறையில் அடுப்பிடம் தினமும் தோற்றுக்கொண்டிருக்கும் உன் புருஷன் எழுதுவது.

அதற்கு முன், இந்தக் கடிதத்தை உறை பிரித்துப் படிக்கும் இரு பக்கத்துத் தணிக்கை அதிகாரிகளுக்கும் வணக்கம். ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் என் பெண்டாட்டியைக் கொஞ்சம் கொஞ்சுவதாக இருக்கிறேன். அப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்.

எல்லைக் கதவு திறக்குமா திறக்காதா, அலங்காரம் இல்லாமல் ஒரே வரியில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்: எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு வார்த்தையைத் தவிர.

ஒரு வரி ஆயிற்று. இனி என் இஷ்டம்.

பழைய பஸ் டிப்போவில், ஒரு காலத்தில் கண்டக்டர்கள் சில்லறையைக் கொட்டிப் பிரித்த அறையில்தான் இரண்டு நாடுகளின் தலையெழுத்தும் எழுதப்படுகிறது. மேஜையின் நடுவே, சண்டையை விலக்க வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நீலத்தொப்பிக்காரர்கள் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நம் கர்னல். அந்தப் பக்கம், அதாவது உன் பக்கம், செயலாளர் அம்மா. என் நாற்காலி கோட்டின் மேலேயே. இடது முழங்கை ஒரு நாட்டில், வலது முழங்கை இன்னொரு நாட்டில். முதுகு அரித்தால் சொறிய இரண்டு அரசாங்கத்துக்கும் மனு போட வேண்டும்.

அவர்கள் இருவரும் பேசுவது ஒரே பாஷை. ஆனால் எதிரி பேசுவது புரிகிறது என்று காட்டிக்கொண்டால் கௌரவக் குறைச்சல். செயலாளர் அம்மா "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றால் கர்னல் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றாங்க" என்பேன். அப்புறம்தான் மனுஷனுக்குக் காது திறக்கும். பிறகு அதையே நடுவில் இருக்கும் நீலத்தொப்பி மேஜருக்கு இங்கிலீஷில் சொல்வேன். ஒரு பாஷையை அதே பாஷைக்கு மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கும் ஜீவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். நட்சத்திர மண்டலங்களிலும் விசாரித்துவிட்டேன், இல்லை.

வியாழக்கிழமைதோறும் குடும்பங்கள் கோட்டைத் தாண்டலாம் என்று முடிவாகிவிட்டது. பஸ் தயார், டிரைவர் தயார், கேட்டுக்குப் பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. தாண்டுகிற ஆட்களை ஒப்பந்தத்தில் என்ன பெயர் சொல்லி எழுதுவது என்பதில் வண்டி நிற்கிறது. கர்னல் "திரும்புவோர்னு போடுங்க" என்கிறார். மண் முழுக்க நம்முடையதாம், ஆகவே யார் எங்கே காலடி வைத்தாலும் வீடு திரும்புகிறார்கள் என்றுதான் அர்த்தமாம். செயலாளர் அம்மா "விருந்தினர்னு போடுங்க" என்கிறார். அது தனி நாடாம், அடுத்த நாட்டுக்காரர் விருந்தாளியாகத்தான் வர முடியுமாம். மற்றவர் சொல்லை ஒத்துக்கொண்டால் நாட்டையே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி என்று இருவருக்கும் பயம். மேஜைமேல் அகராதிகளை அடுக்கி அடுக்கி இப்போது எதிரில் இருப்பவரின் கொண்டை மட்டும்தான் தெரிகிறது.

கடைசிப் பத்தி. அதிகாரிகள் தயவுசெய்து. நீ இல்லாத வீட்டில் வாசல் பூட்டுக்கூட என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. உன் தலையணையை நான் தொடவில்லை. அது தன்பாட்டுக்கு ஒரு தனி நாடாக இருக்கிறது. கட்டிலில் என் பக்கத்திலேயே படுக்கிறேன், எல்லை மீறுவதில்லை. மாமனாருக்கு வணக்கம். இடுப்பு எப்படி இருக்கிறது?

உன்,
சமாதானத்தின் ஒரே தூண்


பிப்ரவரி 19

உங்களுக்கு,

ஒரு வரி கேட்டேன், நான்கு பக்கம் வந்திருக்கிறது. எங்கள் லேபில் ரத்தத்தை மெஷினில் வைத்துச் சுழற்றினால் கெட்டியானது அடியில் தங்கிவிடும். உங்கள் கடிதத்தையும் அப்படிச் சுழற்றிப் பார்த்தேன். அடியில் தங்கியது இவ்வளவுதான்: கதவு மூடியிருக்கிறது.

இங்கே கடிதம் படிக்கும் அதிகாரி நேற்று சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தார். நான் ஊசியை எடுக்கிறேன், அவர் "போன மாசக் கடிதத்துல கர்னலுக்குத் தொண்டையில பிஸ்கட் சிக்கிச்சே, என்ன ஆச்சு? அப்புறம் ஒண்ணும் எழுதலையே உங்க வீட்டுக்காரர்?" என்கிறார். அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. உங்கள் எழுத்தைப் படித்தும் ஏறியிருக்கலாம்.

அப்பாவின் இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடக்கிறார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை சொல்றதை நாலால வகுத்துக்கம்மா. வகுத்து வர்றதையும் உடனே நம்பிடாத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஃபேன் விஷயத்தை இன்னொரு தடவை படி" என்றார்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அப்பா விழுந்தார் என்று தகவல் வந்த அன்று, பத்து நாள் லீவு போட்டு என்னோடு வாருங்கள் என்றேன். "ரெண்டு நாட்டு சமாதானமும் என் நாக்கு நுனியில தொங்குது, நான் நகர்ந்தா விழுந்துடும்" என்றீர்கள். நானும் கோபத்தில் பையை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டேன். அந்த வாரமே டிப்போ பக்கம் சுட்டுக்கொண்டார்கள், கதவை மூடினார்கள். அன்றைக்கு யார் எந்தப் பக்கம் இருந்தார்களோ அந்தப் பக்கத்து ஆள் என்று அட்டையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வருஷம் ஓடுகிறது. அன்று நீங்கள் கூட வந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டிருப்போம்.

மாட்டாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து மாட்டியிருக்கலாம் என்கிறேன்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 12

ரத்தமும் சதையுமான என் விமர்சகருக்கு,

முதலில் அங்கே கடிதம் படிக்கும் ஐயாவுக்கு: பிஸ்கட் வெளியே வந்துவிட்டது, கர்னல் பிழைத்தார். வரலாறு மயிரிழையில் தப்பியது. ஐயா இனிப்பைக் குறைத்துக்கொள்ளவும். ஊசி போடும் கை எனக்குத் தெரிந்த கை, வலிக்காது.

இந்த மாதக் கூட்டத்தில் கர்னல் எடுத்த எடுப்பிலேயே, "அந்தம்மாவுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டாங்க" என்று கத்தினார். அந்த அம்மாவின் காதில் அது நேராகவே விழுந்தது. ஆனால் அதிகாரபூர்வமாக இன்னும் விழவில்லை. அதற்கு நான் வாய் திறக்க வேண்டும். நான் எழுந்து, "தங்கள் அறிவின்மேல் பெருமதிப்பு வைத்திருப்பதாகச் சொல்கிறார்" என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க. அவர் மூஞ்சியைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கும் அதே மதிப்புதான் வருதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். மேஜருக்கு இங்கிலீஷில் "நல்லுறவு வளர்கிறது" என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அநேகமாக அது உலகத் தலைநகரங்களுக்கெல்லாம் போயிருக்கும், இந்நேரம் எங்கோ ஒரு மண்டபத்தில் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

வார்த்தை மட்டும் அசையவில்லை. "தாண்டுவோர்" என்று ஒன்று கொடுத்துப் பார்த்தேன். தாண்டுவதென்றால் அங்கே ஏதோ எல்லை இருப்பதாக ஆகிவிடுமாம், கர்னல் ஒத்துக்கொள்ளவில்லை. "உறவினர்" என்றேன். யாருக்கு யார் உறவு என்று அம்மா சீறினார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வேடிக்கைதான் வந்தது, கிழித்துப் போட்டேன். திரும்பவும் உட்கார்ந்தேன், திரும்பவும் வேடிக்கை. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் அனுப்புகிறேன்.

மாமனாரிடம் சொல், நாலால் வகுத்தது அநியாயம். இரண்டால் போதும்.

உன்,
நாக்கு


ஏப்ரல் 4

உங்களுக்கு,

அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

காலையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த கஞ்சியில் பாதி குடித்தார். நான் லேபுக்குக் கிளம்பும்போது, "டிப்போ பக்கம் பஸ் சத்தம் கேட்குதே, திறந்துட்டாங்களா?" என்றார். தண்ணி லாரிப்பா என்றேன். மதியம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னைக் கூட்டிப்போனார். எல்லாக் காரியத்தையும் இந்தத் தெருக்காரர்கள்தான் செய்தார்கள். அப்பாவைத் தூக்கும்போது கட்டிலுக்கு ஒரு பக்கம் பிடிக்க ஆள் குறைந்தது. யாரோ ஒருவர் வந்து பிடித்தார், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடிதம் படிக்கும் அதிகாரி வாசலில் வந்து நின்றார். "உங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுங்கம்மா. நானே தபால் ஜீப்ல போட்டுடறேன். இதைப் பிரிக்க மாட்டேன்" என்றார். அதனால் இது ஒட்டியபடியே வரும்.

இனி எனக்கு இங்கே ஒன்றும் இல்லை. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். நீங்கள்தான் வார்த்தை வியாபாரி ஆயிற்றே, ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த வார்த்தையானாலும் எனக்குச் சம்மதம்.


ஏப்ரல் 9

கண்ணு,

ஒட்டியபடியே வந்தது.

கட்டிலின் அந்தப் பக்கம் நான் பிடித்திருக்க வேண்டும். இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.


மே 15

வீட்டுக்கு வரப்போகிறவளே,

உட்கார்ந்திருந்தால் எழுந்திரு. நின்றிருந்தால் உட்கார். வியாழக்கிழமை பஸ் ஓடப்போகிறது. வார்த்தை கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவன் யார் என்று என் வாயால் சொல்வது அழகல்ல, ஆகவே கையால் எழுதுகிறேன்: நான்.

நேற்று டிப்போவில் கரண்ட் இல்லை. அகராதிகளுக்கு நடுவே எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். செயலாளர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே பேசிப் பிரயோஜனம் இல்லை" என்று பையை எடுத்தார். பேச்சுவார்த்தை முறிந்தது, அடுத்த மாதம் மறுபடி சுடுவார்கள் என்றே நினைத்தேன். வாசல்வரை போனவர், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாம் சொல்வோமே, அதைத் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்: "சரி, போயிட்டு வர்றோம்."

நான் கடமை தவறாதவன். கர்னல் பக்கம் திரும்பி, "போயிட்டு வர்றாங்களாம்" என்றேன். கர்னலும் அலுப்பில் நேராக அவரைப் பார்த்தே, "சரி, போயிட்டு வாங்க" என்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம்.

மேஜர் என்ன என்று கேட்டார். "போகிறார்கள், வருகிறார்கள்" என்றேன். "போகிறார்களா, வருகிறார்களா, தெளிவாகச் சொல்" என்றார். "இரண்டும்தான் ஐயா. எங்கள் பாஷையில் வெறுமனே போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வாசல் தாண்டுவதில்லை. போவதிலேயே வருவதும் இருக்கும்" என்றேன். மேஜர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு எடுத்தார். அம்மா வாசலிலேயே நின்றார்.

இதோ ஒப்பந்த வாசகம்: "போய்வருவோர் வியாழக்கிழமைதோறும் அனுமதிக்கப்படுவர்." கர்னலுக்கு அதில் "வருவோர்" இருக்கிறது, வீடு வந்த மாதிரி. அம்மாவுக்கு "போய்" இருக்கிறது, வந்தவர் போய்விடுவார். கையெழுத்தாகிவிட்டது. பீரங்கிகளால் முடியாததை ஒரு வினையெச்சம் முடித்தது. எனக்குச் சிலை வைப்பதாகப் பேச்சு, அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் நான்தான். குதிரைமேல் வைப்பதா யானைமேல் வைப்பதா என்பதில் மட்டும் எனக்குள் கருத்து வேறுபாடு.

உடனே போய் விண்ணப்பம் கொடு. வீட்டில் எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, நான் உள்பட.

உன்,
போர் நிறுத்தி


ஜூன் 2

போர் நிறுத்திக்கு,

விண்ணப்பம் கொடுக்கப் போனேன். இரண்டு பெட்டிகளையும் கட்டி வைத்துவிட்டு, லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனேன். கவுன்டரில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "காலையில ஒன்பது மணி பஸ், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்தப் பக்கம் வந்துடணும்க்கா. ராத்திரி தங்கக் கூடாது" என்றாள். நான் தங்குவதற்குத்தான் போகிறேன், அது என் வீடு என்றேன். ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்து அந்த வார்த்தையின் கீழ் விரலை வைத்தாள். "போய், வர்றவங்க. நீங்க இந்தப் பக்கத்து அட்டை. போனா வரணும். இல்லேன்னா வார்த்தைக்கு அர்த்தம் இல்லையே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன், அந்தப் பெண் பயந்து தண்ணீர் கொடுத்தாள்.

அந்தப் பாழாய்ப்போன "விருந்தினர்" என்றே போட்டிருந்தால்கூட ஒரு வாரம் தங்கவிட்டிருப்பார்கள். "திரும்புவோர்" என்று போட்டிருந்தால் வந்தே விட்டிருப்பேன். இரண்டு நாடும் சந்தோஷப்படும்படி ஒரு சொல் செய்தீர்கள், அதில் நமக்கு மட்டும் இடமில்லை. எந்த வார்த்தையானாலும் சம்மதம் என்று எழுதியவளும் நான்தான். அதனால் உங்களைத் திட்டவும் முடியவில்லை.

நான் வர மாட்டேன். என் சமையலறையில் மணி பார்த்துக்கொண்டே நிற்க என்னால் ஆகாது. நாலரைக்கு நான் பையை எடுப்பேன், என் வீட்டு வாசலில் நின்று நீங்கள் என்னைப் பார்த்து "போயிட்டு வா" என்பீர்கள். சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து எழுவதற்கு, பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்துவிடலாம். வைத்துவிட்டேன்.


ஜூன் 11

பெட்டியைப் பிரித்தவளுக்கு,

கர்னலிடம் போனேன். அந்த வார்த்தையில் ஒரு சின்னப் பழுது, மாற்றிவிடலாமா என்றேன். "ஒரு வார்த்தைக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதை நீங்க தொட்டா கதவு மறுபடி மூடும். பஸ்ல போய் அம்மா அப்பாவைப் பார்த்துட்டு வர்ற ஜனத்தை ஒரு வியாழன் வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கிழவர் பஸ்ஸை விட்டு இறங்கவே மறந்து, ஜன்னல் வழியாகவே தன் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கர்னலிடம் நான் வாய் திறக்கவில்லை.

செயலாளர் அம்மாவையும் கேட்டேன். "அது உங்க வார்த்தைதானே. நாங்களே செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு நல்லாப் பூட்டியிருக்க மாட்டோம்" என்றார். அவர் குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

சரி, நீ வராவிட்டால் நான் வருகிறேன் என்று பஸ் கவுன்டரில் போய் நின்றேன். எனக்கு இடம் இல்லையாம். மொழிபெயர்ப்பாளன் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்பது நீலத்தொப்பிகளின் விதி. எந்தப் பக்கமும் இல்லாதவன் எங்கிருந்து போய் எங்கே வருவான்? என் வார்த்தை என்னையே வெளியே நிறுத்திவிட்டது.

ஆகவே உலக வரலாறு காணாத ஒரு ராஜினாமாவை எழுதினேன். மூன்று பக்கம், நடுவில் இரண்டு கவிதை. பிறகு அதை மேஜையிலேயே விட்டுவிட்டு, மேஜரிடம் வாயால் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். இந்த நேரத்தில் நீ போனால் எப்படி, அப்படி என்ன அவசரம் என்றார். என் மனைவி ரொம்ப நாள் முன்னால் கூட வரச்சொல்லிக் கேட்டிருந்தாள், பதில் சொல்ல இப்போதுதான் நேரம் கிடைத்தது என்றேன்.

இந்த டிப்போவுக்கு முன் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கோர்ட்டில் என் பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதன் ஒரு கால் ஆடும், ஆனால் நான்கு காலும் ஒரே நாட்டில் நிற்கும். நேற்று இந்தப் பக்கத்து அட்டை கையில் கொடுத்தார்கள். இப்போது நானும் முறைப்படி பிரிக்கப்பட்டவன்.

வியாழக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன். ஐந்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும், தெரியும். உனக்கு விருந்தாளியாக இருக்கப் பிடிக்கவில்லை. எனக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது, நான் விருந்தாளியாக வருகிறேன்.

உன்,
முன்னாள் தூண்


ஜூன் 22

உங்களுக்கு,

நேற்று நீங்கள் பஸ்ஸில் ஏறிப் போனதும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று லேபில் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

நான்கு பக்கம் எழுதுகிற மனுஷன் நாலு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி என்னைப் பார்த்து, "பஸ்ல ஒரே புழுக்கம்" என்றீர்கள். இவ்வளவு காலம் கழித்து அதுதான் முதல் வசனம். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்தீர்கள். சாப்பிட்டீர்கள். சொட்டுகிற குழாயைச் சரிசெய்கிறேன் என்று போய் அதை ஒழுகுகிற குழாயாக்கினீர்கள். அது இப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நான் ஆளைக் கூப்பிடவில்லை.

எனக்கு உங்கள் கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, கூச்சமாக இருந்தது. அதனால்தான் சர்க்கரை பார்க்கிறேன் என்று விரலைக் குத்தினேன். பார்த்தால் நிஜமாகவே சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருஷக் கடிதத்தில் கர்னலின் பிஸ்கட் வரை வந்தது, இது வரவில்லை. இளைத்திருப்பதும் வரவில்லை. இனி நீங்கள் எழுதுவதை நான் எப்படி வகுப்பேன் என்று பாருங்கள்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னீர்கள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. என் பக்கத்தில் கடிதம் படிக்கும் அதிகாரி நின்றிருந்தார், உங்களை நேரில் பார்க்கவென்றே வந்தாராம். "என்னம்மா சொன்னார்?" என்று என்னைக் கேட்டார். தெரியலீங்க, மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றேன்.

ஒரு செய்தி. நீங்கள் விலகிய பிறகு டிப்போவில் முதல் கூட்டம் நடந்ததாம். புது மொழிபெயர்ப்பாளர் கிடைக்காததால் கர்னலும் செயலாளர் அம்மாவும் நேரடியாகவே திட்டிக்கொண்டார்களாம், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்களாம். சிலை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி யோசித்தேன். வாரத்தில் ஒரு வியாழன்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நீங்களே அந்தப் புழுக்கத்தில் வந்தால் உடம்பு தாங்காது. இந்த வியாழன் நீங்கள் வந்தீர்கள். அடுத்த வியாழன் நான் வருகிறேன்.

ஒன்று மட்டும். நான் வருகிறேன் என்று வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்து, படுக்கைக்குப் புது விரிப்பு விரித்து வைக்காதீர்கள். விருந்தாளிக்குத்தான் அப்படிச் செய்வார்கள். எல்லாம் போட்டது போட்டபடியே கிடக்கட்டும். நான் வந்து திட்டிக்கொண்டே கூட்டுகிறேன்.